“உண்மையைத்தானே சார் போட்டேன்?”

கடையில் செல்போன் காணாமல் போகும். சிசிடிவியில் ஒரு முகம் தெரியும். அரைமணி நேரத்தில் அந்த முகத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டு, “இந்தத் திருடனைக் கண்டால் விடாதீர்கள், அதிகம் பகிரவும்” என்று திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பண்ருட்டி வரை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடும். அடுத்த வாரம் கடைக்காரர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தேடுவார், வட்டத்துக்குள் இருந்தவர் அனுப்பிய அவதூறு நோட்டீஸோடு. மறுபடி மறுபடி இதே கதை.

வக்கீல் முன் உட்கார்ந்ததும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தைதான் தலைப்பு. உண்மை மட்டும் போதாது ஐயா. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்), அவதூறு பற்றிய 356ஆவது பிரிவு, முதல் விதிவிலக்கு: சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இரண்டும். நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். ஒருவர் மேசைப் பக்கம் கை நீட்டியதைக் கேமரா காட்டுகிறது. “திருடன்” என்பது நீங்கள் எழுதியது. கடன் திருப்பித் தராதவர் படத்தை அவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு போடுகிறவர்களும் இதே வசனம் பேசுகிறார்கள். கடன் உண்மை, சரி. அதில் ஊருக்கு என்ன நன்மை? இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள பிரிவு இது (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500தான்). ஃபார்வர்ட் செய்வதும் வெளியிடுவதுதான்.

வயிற்றெரிச்சல் வேறு: உங்கள் வழக்கையே கெடுத்துக்கொள்கிறீர்கள். பலரை வரிசையாக நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பில் சாட்சி ஆளைச் சரியாகக் காட்டினாலும், “வாட்ஸ்அப்பில் முன்பே பார்த்த முகம்தானே?” என்ற ஒரே கேள்வியில் அது பல்லிளித்துவிடும்.

18 வயது ஆகாத பிள்ளை என்றால் பேச்சே வேண்டாம். தப்பு செய்த பிள்ளையானாலும் விசாரணை பற்றிய செய்தியில் பெயர், படம், பள்ளி எதுவும் வெளிவரக் கூடாது. சிறார் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவு.

வேறென்ன செய்வது? பழைய பதிவின் மேல் புதிது ஏறுவதற்குள், கேமரா காட்சியை அன்றே டிவிஆரிலிருந்து (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) பென்டிரைவில் எடுங்கள். மானிட்டரைச் செல்போனில் படம்பிடித்து வைப்பது வேலைக்காகாது. டிவிஆர் கடிகாரம் முன்னே பின்னே ஓடும். செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள், குறுக்கு விசாரணையில் முதலில் கை வைப்பது அங்கேதான். டிவிஆரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டத் தேவையான, புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாட்சிய அதினியம்) 63ஆவது பிரிவுச் சான்றிதழுக்கு அது வேண்டும். போலீஸில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். புதுச்சேரியில் நடந்ததற்குக் கடலூரிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் பதிவது) உண்டு, “எங்க எல்லை இல்ல” என்றதும் திரும்பி வராதீர்கள். அப்படியும் பதியவில்லையா, எஸ்.பி.க்குத் தபால், பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்.

படத்தைப் போட்டுவிட்டவர்கள் தயவுசெய்து அதை இப்போதே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி சுமார் இரண்டரை நாள்தான். அதற்குப் பிறகு அது உங்கள் கையில் இல்லை. ஆள் மாறிப்போனது தெரிந்தால் அதே குழுவில் அதையும் எழுதுங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது அந்த ஒரு வரிதான் கைகொடுக்கும்.