டிவில ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விளம்பரம் போடலாம்? ரூல் என்ன சொல்லுது

ஒரு மணி நேரத்துல 12 நிமிஷத்துக்கு மேல விளம்பரம் போடக்கூடாதுன்னு நம்ம நாட்டுல ரூல் இருக்குங்க. 1994 கேபிள் டிவி விதிகள்ல 7வது விதி. அந்த 12லயும் காசு வாங்கிட்டு போடுறது 10 நிமிஷம்தான், மிச்சம் 2 நிமிஷம் சேனலோட சொந்த ப்ரொமோவுக்கு. அதே விதில, நிகழ்ச்சி ஓடும்போது கீழ பட்டையா விளம்பரம் வந்து இடைஞ்சல் பண்ணக்கூடாது, விளம்பரத்துக்கு மட்டும் சத்தம் ஓவரா இருக்கக்கூடாதுன்னும் இருக்கு. சிரிக்காதீங்க, நிஜமாவே இருக்கு.

அப்புறம் டிராய் (TRAI, டிவி சேனல்களையும் கவனிக்குற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012ல தனியா ஒரு ஒழுங்குமுறை போட்டு 2013ல திருத்துச்சு. அதுல கணக்கு கடிகார மணிக்கு, அதாவது 8 டூ 9க்கு ஒரு 12, 9 டூ 10க்கு இன்னொரு 12, மத்தியானம் கம்மியா போட்டோம் அதை ராத்திரி சீரியல்ல சேர்த்துக்குறோம்னு சொல்ல முடியாது. சேனல்காரங்க சும்மா இருப்பாங்களா, 2013லயே டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய் தங்க மேல தண்டனை மாதிரி கடும் நடவடிக்கை எதுவும் எடுக்கக்கூடாதுன்னு இடைக்கால உத்தரவு வாங்கிட்டாங்க.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. ரூல் அளக்குறது விளம்பரத்தை மட்டும்தான், படத்துல எவ்வளவு வெட்டுறாங்கன்னு அது கேக்கவே இல்ல. 2 மணி 45 நிமிஷப் படம்னா 165 நிமிஷம். அதை 3 மணி நேர ஸ்லாட்ல போட்டா, ரூல் விடுற 36 நிமிஷத்தையும் விளம்பரத்தால நிரப்பினா 144தான் மிச்சம், 21 நிமிஷத்தை எங்கயாவது கத்தரிச்சே ஆகணும். பாட்டுதான் மொத பலி, அப்புறம் காமெடி ட்ராக். அதே படத்துக்கு மூன்றரை மணி நேரம் குடுத்தா 42 போக 168 இருக்கு, முழுப்படமும் தாராளமா ஓடும். அமெரிக்கால பழைய காமெடி சீரியல்களை வேகத்தை லேசா கூட்டி ஓட்டியே நிமிஷத்தை மிச்சம் புடிச்சிருக்காங்க.

புகார் குடுக்கணும்னா, அதே கேபிள் டிவி விதிகளோட 2021 திருத்தத்துப்படி மொதல்ல சேனலுக்கே எழுதணும். தேதி, நேரம், என்ன விளம்பரம்னு குறிச்சு அனுப்புங்க, 15 நாள்ல பதில் சொல்லணும், திருப்தி இல்லன்னா அடுத்த 15 நாளுக்குள்ள அவங்க சேர்ந்திருக்குற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு (சேனல்காரங்களே சேர்ந்து வச்சிருக்குற அமைப்பு) அப்பீல் போகலாம். 12 நிமிஷத்தைத் தாண்டிட்டாங்கன்னு மட்டும் எழுதுனா அந்த ஹைகோர்ட் கேஸைக் காட்டி நழுவப் பார்ப்பாங்க, அதனால கீழ்ப்பட்டை விளம்பரத்தையும் சத்தத்தையும் சேர்த்தே எழுதுங்க, அதுக்கு அந்த சாக்கு செல்லாது.