நாஸ்டால்ஜியா: ஏக்கமா, தேட்டமா?

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் வளர்ந்தவர்களிடம், போன காலத்தை நினைத்து ஏங்குவதைக் குறிக்கும் சொல் இரண்டு வழியாக வந்து சேர்ந்திருக்கும். ஆங்கிலம் வழியாக நாஸ்டால்ஜியா, மலையாளம் வழியாக கிருஹாதுரத்வம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருக்கும் என் மாமன் மகன் போன வாரம் பழைய தூர்தர்ஷன் முகப்பு இசையை அனுப்பி, கீழே கிருஹாதுரத்வம் என்று எழுதியிருந்தான். பதிலைத் தமிழ்ச் சொல்லிலேயே எழுத நினைத்தேன். சட்டென்று ஒன்றும் வரவில்லை. அன்று தேடத் தொடங்கியதுதான் இது.

முதலில் மூலச் சொல். இது மக்கள் வாயில் பிறந்து வளர்ந்த சொல் அல்ல, மருத்துவர் ஒருவர் ஆக்கியது. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். நோஸ்டோஸ் என்றால் ஊர் திரும்புதல். அல்கோஸ் என்றால் வலி. சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தூக்கம் கெடுவது, பசி எடுக்காதது, காய்ச்சல், ஓயாத வருத்தம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நோயாகக் கண்டு அதற்கு வைத்த பெயர் இது. ஊருக்கு அனுப்பிவைப்பதுதான் அவர் சொன்ன மருந்து.

இதில் இசைக்கும் ஒரு பங்கு உண்டு. கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்கள், தங்கள் மலைநாட்டில் மாடு அழைக்கும் மெட்டு ஒன்றைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள், படையை விட்டு ஓடிவிடுவார்கள், அதனால் அதை வாசிப்பதற்கே தடை இருந்தது என்று தத்துவஞானி ரூசோ 1768இல் வெளியிட்ட இசை அகராதியில் எழுதியிருக்கிறார். அந்த மெட்டில் தனியாக எதுவும் இல்லை, கேட்பவரின் நினைவில்தான் எல்லாம் இருக்கிறது என்பதையும் அவரே சொல்கிறார். தொலைக்காட்சித் தொடரின் டைட்டில் பாட்டு நம்மை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

எங்கள் வீட்டில் ஆன்டெனா திருவனந்தபுரத்தைப் பார்த்துத்தான் நிற்கும். சென்னை நிலையம் 1975இலேயே தொடங்கியிருந்தாலும், எங்கள் ஓட்டுக் கூரைக்குப் புள்ளி இல்லாமல் கிடைத்தது 1985இல் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய திருவனந்தபுரம்தான். அண்ணன் கூரையில் ஏறிக் குழாயைத் திருப்புவான். “தெரியுதா?” என்று மேலிருந்து சத்தம் வரும். “இல்ல, இன்னும் கொஞ்சம்” என்று நாங்கள் கீழிருந்து கத்துவோம். சித்ரகீதம் என்ற சினிமாப் பாட்டு நிகழ்ச்சி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி மலையாளப் படம், செய்திக்கு முந்தைய இசை எல்லாம் எங்களுக்கு அப்படித்தான் வந்தன. மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாமலே அந்தப் பாட்டுகள் மனப்பாடம். இந்தித் தொடர்களும் அப்படித்தான். மால்குடி டேஸ் தொடரில் யார் என்ன பேசினார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் புரியாது. ஆனால் எல். வைத்தியநாதன் அமைத்த அந்த முகப்பு இசை கேட்டதும் பாட்டா வெற்றிலைச் செல்லத்தை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

சரி, மலையாளச் சொல்லுக்கு வருவோம். கிருஹம் என்றால் வீடு. ஆதுரம் என்றால் நோய், நோயுற்ற நிலை. இந்த ஆதுரம் தமிழுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள திருமுக்கூடல் கோயிலில் இருக்கும் வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 15 படுக்கைகளோடு நடந்த ஓர் ஆதுரசாலையைப் பற்றிச் சொல்கிறது. ஆக, கிருஹாதுரத்வம் என்பது வீட்டை நினைத்து வரும் நோய். ஹோஃபர் சொன்ன பழைய பொருளுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று அந்தச் சொல்லின் பொருள் இடத்திலிருந்து காலத்துக்கு நகர்ந்துவிட்டது. நான் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அந்த ஆன்டெனாக் குழாய்கூடத் துருப்பிடித்து அங்கேயே நிற்கிறது. அந்த இசை கேட்டதும் தொண்டை அடைக்கிறது என்றால், அது வீட்டைப் பிரிந்த நோய் அல்லவே.

தமிழில் பத்திரிகைகள் மலரும் நினைவுகள் என்று எழுதுகின்றன. அழகான தொடர்தான், ஆனால் அதில் வலி இல்லை. கடந்தகால ஏக்கம் என்பது சரியான பொருள், ஆனால் விளக்கம்போல நிற்கிறது. நினைவேக்கம் என்று சிலர் சுருக்கி எழுதுவது எனக்குப் பிடிக்கிறது. காரணம், ஏக்கத்தின் வேர். ஏங்கு என்ற வினைக்கு மனம் வாடுவது மட்டும் பொருளல்ல. ஒலித்தல், அழுதல் என்ற பொருள்களும் அகராதியில் உண்டு. குழந்தை ஏங்கி ஏங்கி அழுகிறது என்கிறோமே, அதில் ஒலியும் இருக்கிறது, வாட்டமும் இருக்கிறது. ஒரு பழைய மெட்டு கிளப்பிவிடும் உணர்வுக்கு இதைவிட நெருக்கமான வேர்ச்சொல் கிடைப்பது அரிது.

சொல் பிந்தி வந்தாலும் உணர்வு தமிழில் மிகப் பழையது. புறநானூறு 243ஆம் பாட்டில் ஒரு முதியவர், மணலில் பாவை செய்து பூச்சூட்டியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் ‘துடும்’ எனக் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் சொல்கிறார். இப்போது தடியூன்றி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் வயது அவருக்கு. அவர் பயன்படுத்தும் சொல் இரக்கம்: “இனி நினைந்து இரக்கம் ஆகின்று.” அன்று இரக்கம் என்றால் தன் மனத்தின் வருத்தம். இன்று அது பிறர்மேல் காட்டும் பரிவாகிவிட்டதால் நாம் அதை எடுத்துக்கொள்ள முடியாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்புறம், எங்கள் வீட்டில் எப்போதும் புழங்கிய ஒரு சொல் இருக்கிறது. வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளையைப் பற்றி அம்மை “தேட்டமா இருக்கு” என்பாள். அகராதி தேட்டத்துக்குச் சம்பாத்தியம் என்ற பொருளோடு விருப்பம் என்பதையும் தருகிறது. இங்கே அது, இல்லாத ஒன்றை மனம் தேடிக்கொண்டே இருக்கும் நிலை. ஆளையும் தேடும், ஊரையும் தேடும், போன காலத்தையும் தேடும். கட்டுரையில் நினைவேக்கம் என்று எழுதலாம். பேச்சில் எனக்குத் தேட்டம் போதும்.

மாமன் மகனுக்கு இரண்டு நாள் கழித்துப் பதில் போட்டேன்: “எனக்கும் தேட்டமாத்தான் இருக்குடே. அந்த நாலு மணிப் படத்துக்கு முன்னால வர்ற மியூசிக் கிடைச்சா அனுப்பு.”