ப்ரைமர் டப்பாவைக் கீழே வையுங்கள்

விற்கும் முன் அழகுபடுத்துகிறேன் என்று பழைய காரைக் கெடுத்துவைத்ததை நான் பார்ப்பது, இந்த வருடத்தில் இது நான்காவது.

மிச்சிகனில் பழைய கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்வது என் பிழைப்பு. போன வாரம் ஃப்ளிண்ட் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா இறந்துவிட்டார். 30 வருடமாக கராஜில் நின்ற அவருடைய 1969 டாட்ஜ் சார்ஜரை மகன் விற்கப் போகிறார். முன்கண்ணாடி வழியாக வின் எண் (காரின் அடையாள எண்) தகட்டைப் படித்ததும் எனக்கே படபடப்பு வந்துவிட்டது. எக்ஸ்எஸ்29எல் என்று தொடங்கியது. எக்ஸ்எஸ் என்றால் அந்த வருடச் சார்ஜரில் ஆர்/டி என்ற வேக மாடல். ஐந்தாவதாக வரும் எல், 440 மேக்னம் என்ற சக்திவாய்ந்த எஞ்சின்.

பானெட்டைத் திறந்தால் வெறும் குழி. எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்ததாம், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம். பின் சீட்டைக் காணோம். எலி கூடு கட்டியிருந்தது, குப்பையில் போட்டேன் என்றார். ஆனால் கார் முழுக்கப் புதுக் கறுப்பு ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), வாசனைகூட இன்னும் போகவில்லை. "பார்வைக்கு நன்றாக இருந்தால்தானே விலை வரும்?" என்றார்.

இதைத்தான் என்னால் தாங்கவே முடிவதில்லை. புதுப்பிப்பதற்காகக் கார் வாங்க வருகிறவர் அழகைப் பார்த்து வாங்குவதில்லை. கொண்டுபோன முதல் வேலையாகத் தகரம் தெரியும்வரை சுரண்டப் போகிறார். நீங்கள் அடித்த பெயிண்டைச் சுரண்டும் கூலியும் அவர் தலையில்தான். அதைவிட மோசம், புது ப்ரைமரைப் பார்த்ததுமே எதையோ மூடியிருக்கிறார்கள் என்று நினைப்பார். துரு கண்ணுக்குத் தெரிந்தால் அதை அளந்து விலையைக் குறைப்பார். தெரியாவிட்டால், அடியில் எல்லாமே போயிற்று என்று வைத்துக்கொண்டு குறைப்பார். குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டும் ஊர் இது, துருவே இல்லாத கார் கிடைக்கும் என்று யாரும் வருவதில்லை. அந்தச் சார்ஜரில் பின்கண்ணாடியைச் சுற்றித் தண்ணீர் தேங்கி டிக்கிக்குள் இறங்கும். அது எனக்கும் தெரியும், வாங்க வருகிறவருக்கும் தெரியும். பையில் ஒரு காந்தம் வைத்திருப்பார். ஓட்டையை மூடும் போண்டோ பசையைத் தடிமனாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. ஐந்து நிமிடத்தில் உங்கள் ஒரு வார உழைப்பு வெளுத்துவிடும்.

சரி, குப்பைக்குப் போன சீட்டுக்கு வருவோம். கார் ஆலையில் வரிசையில் நகரும்போது, இதற்கு இந்த எஞ்சின், இந்த கியர்பாக்ஸ், இந்த நிறம் என்று தொழிலாளிகளுக்குச் சொல்ல ஒரு தாள் அச்சாகும். அதுதான் பில்ட் ஷீட். பின் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ பல கார்களில் அது இன்றும் கிடக்கும். கார் ஆலையிலிருந்து எப்படி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. போண்டியாக் என்றால் பிஹெச்எஸ் என்ற பழைய பதிவுச் சேவையில் விவரம் வாங்கலாம். 1967-இலிருந்து வந்த ஃபோர்டு என்றால், ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. 1969 டாட்ஜுக்கு அப்படி நம்பிப் போக ஆலைப் பதிவு இல்லை. எலி கடித்தது போக மிச்சமிருக்கும் பாதித் தாளும் பணம்தான். எலி மூத்திர நாற்றம் பிடித்த பல சீட்டுகளுக்குள் நானே கைவிட்டுத் துழாவியிருக்கிறேன். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சின் கதையும் அதுதான். அதன் பிளாக்கில் வின் எண்ணின் கடைசிப் பகுதி குத்தியிருக்கும். அதுவும் தகட்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் 'நம்பர்ஸ் மேட்சிங்', அதாவது காரோடு பிறந்த எஞ்சின். இறுகிப்போன சொந்த எஞ்சினைக் கடைசல் பட்டறையில் சரிசெய்துகொள்ளலாம். வேறு எந்த எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அந்த எண் வராது. அதற்காக அதை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்று பேட்டரியை மாட்டாதீர்கள், தயவுசெய்து. அதை வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார்.

வின் தகட்டைத் தொடவே கூடாது. பாலிஷ் போடலாம் என்று ஒருவர் அதைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது. அந்த எண்ணை வேண்டுமென்றே அகற்றுவதும் மாற்றுவதும் ஐந்து வருடம்வரை சிறை கிடைக்கக்கூடிய ஃபெடரல் குற்றம்.

டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் நம் ஆட்களும் இப்போது வருகிறார்கள். வுட்வர்டு ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தைப் பார்த்த உற்சாகத்தில் ஒன்றை வாங்கி, நாலு போல்ட்டைக் கழற்றி, அப்புறம் ஐந்து வருடம் போர்வை போட்டு மூடிவிட்டு விற்க வருவார்கள். டிவி ஏலத்தில் போன விலையைக் காட்டி, "நமக்கு அதில் பாதியாவது வராதா?" என்பார்கள். மேடையில் நிற்பது வேலை முடிந்த கார். அந்த வேலைக்கான செலவு, காரை வாங்கிய விலையையே தாண்டிவிடுவது சகஜம். கழற்றியதையெல்லாம் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருங்கள், அது போதும்.

டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்பதை விளம்பரம் போடும் முன்பே பாருங்கள். தொலைந்திருந்தால் இன்றே நகலுக்கு எழுதிப் போடுங்கள். மிச்சிகனில் நம்பர் பிளேட் விற்பவருக்குச் சொந்தம், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியே எழுதித் தரும் கேஷியர் செக் என்றாலும் அதை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் கணக்கில் ஏறியதாகக் காட்டும், போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். வாங்குகிறவரோடு அவருடைய வங்கிக்கே போங்கள். கேட்டதைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்பி மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

அந்த ஃப்ளிண்ட் பையனிடம், எஞ்சினைத் தூக்கிப்போன இரும்புக்காரருக்கு உடனே போன் பண்ணச் சொன்னேன். பண்ணினார். குவியலில் தேடிப் பார்ப்பதாகச் சொன்னாராம். பிளாக்கில் எந்த இடத்தில் எண் இருக்கும் என்று ஒரு படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.