ஜன்னலுக்குள் கேமரா, வாசலில் திருடன்

கண்காணிப்புக் கேமரா பொருத்துவது என் தொழில். சென்ற வாரம் திருச்சியில் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை இரவோடு இரவாக யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். "ஜன்னலில் வைத்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கும் சார். கொஞ்சம் தெளிவாக்கிக் கொடுங்கள், ஸ்டேஷனில் கேட்கிறார்கள்" என்றார் வீட்டுக்காரர். போட்டுப் பார்த்தேன். இரவு பதினொன்றிலிருந்து விடியும்வரை பதிவாகியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த அந்தக் கேமராவின் சொந்த முகம். நடுவில் வெள்ளை வட்டம், சுற்றிலும் பனிமூட்டம். கொசுவலையின் கட்டங்கள் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தன. தெளிவாக்க அதில் எதுவுமே இல்லை என்று அவரிடம் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

இப்படி வரும் அழைப்புகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தொட்டிலில் தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கான கேமராவை வாங்கி, ஜன்னல் திட்டில் உட்காரவைத்து, வாசலுக்குக் காவல் போட்டுவிட்டதாக நம்புகிறார்கள். காரணம் புரியாமல் இல்லை. வாடகை வீடு, சுவரில் துளை போட்டால் உரிமையாளர் சண்டைக்கு வருவார். ஆனால் மாட்டுவது காலை பத்து மணிக்கு; போனில் தெரு பளிச்சென்று தெரிகிறது; அத்தோடு சரி. இரவில் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை.

"பெட்டியில் நைட் விஷன் என்று போட்டிருக்கிறதே?" இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். நைட் விஷன் என்பது இருட்டைத் துளைக்கும் கண் அல்ல, டார்ச் லைட். நம் கண்ணுக்குத் தெரியாத டார்ச் லைட். லென்ஸைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. பெரும்பாலான மாடல்களில் அது 850 நானோமீட்டர். எதிரே பட்டுத் திரும்புவதைத்தான் கேமரா படம் பிடிக்கிறது. நம்பிக்கையில்லையென்றால் இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, நெற்றியோரம் டார்ச்சைப் பிடித்தபடி மூடிய ஜன்னல் வழியே தெருவைப் பாருங்கள். கண் கூசுவதுதான் மிச்சம். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். எட்டுதானே என்பீர்கள். அது இரண்டு அங்குலத்திலிருந்து நேராக லென்ஸுக்குள் பாயும் எட்டு. பத்து மீட்டர் தள்ளி நிற்பவனின் சட்டையில் பட்டு வருவது அதன் முன்னால் எம்மாத்திரம்? போதாக்குறைக்கு, வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் கேமரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. தெருவிளக்கில் தெரிந்த கொஞ்சநஞ்சமும் போய்விடும். விலை கூடிய கேமரா இதைத் தீர்க்காது. 4கே வாங்கினால் அந்த வெள்ளை வட்டம் 4கே தெளிவில் தெரியும்.

ஆள் வந்தால் போனுக்கு எச்சரிக்கை வருமே என்பார்கள். உடல் வெப்பத்தை உணரும் பி.ஐ.ஆர். வகையென்றால் வராது. நம் உடல் வெளியிடும் 10 மைக்ரோமீட்டர் அளவிலான அலைகளுக்கு ஜன்னல் கண்ணாடி ஒரு சுவர். படத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கும் வகை, பைக் ஹெட்லைட்டுக்கும் வேப்பங்கிளைக்கும் சேர்த்தே கத்தும். மூன்றாம் நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள்.

இன்னொன்று, எங்கள் தொழில் கணக்கு. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். 1920 பிக்சல் அகலமும் 105 பாகைப் பார்வையும் கொண்ட கேமராவுக்கு அது மூன்று மீட்டரோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் "யாரோ வந்தார்" என்று மட்டும் சொல்லலாம்.

ஜன்னலுக்குள் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? அப்படியென்றால் செயலியில் நைட் விஷனை அணையுங்கள், 'ஆட்டோ'வில் விடாதீர்கள். கேமராவின் பச்சை, நீல விளக்கையும் அணையுங்கள். லென்ஸ் கண்ணாடியை ஒட்டியிருக்கட்டும். சுற்றியுள்ள இடைவெளியைக் கறுப்பு ஃபோம் வைத்து அடையுங்கள். கொசுவலையை விலக்குங்கள். அறை இருட்டாகவும் வாசல் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் நேர்மாறாகத்தான் இருக்கிறது. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று இரவுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் மாதம் மூன்று யூனிட்கூட ஆகாது, அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேற்கு பார்த்த ஜன்னலில் தயவுசெய்து வைக்காதீர்கள்: இவ்வகைக் கேமராக்கள் பல 40 டிகிரி வெப்பம் வரைக்கும்தான் தாங்கும், சித்திரை வெயில் அதைக் கேட்காது. எதிர்வீட்டுப் படுக்கையறை காட்சிக்குள் விழாமல் திருப்பி வையுங்கள். இதையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனை பாடு எதற்கு? தூசியும் மழையும் புகாத ஐ.பி.66 தரமுள்ள வெளிப்புறக் கேமராவைத் துளை போடாமலே பால்கனி கிரில்லில் கிளாம்ப் வைத்துப் பொருத்தலாம். வீட்டைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஸ்கூட்டர் பறிகொடுத்தவருக்கு அப்படித்தான் செய்துகொடுத்தேன். இரவு பத்து மணிவரை இருந்து, அவரையே தெருவில் நடக்கச் சொல்லிப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பழைய கேமரா இப்போது ஹால் அலமாரியின் மேல், முன்கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.