ஐசொலேஷன்: எலிக்குத் தனிமையா, தனிவளர்ப்பா?

2020-இல் ஐசொலேஷன் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கியது. தமிழில் ‘தனிமைப்படுத்தல்’ என்று எழுதினோம். குவாரண்டைனுக்கும் அதையே எழுதினோம். நோயாளியைப் பிரித்து வைப்பது முன்னது. நோய் தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தில் ஒருவரைக் காக்க வைப்பது பின்னது. எலிக்குட்டிகளைத் தனிக்கூண்டில் வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகளைப் பற்றி எழுதும்போதும் அதே சொல்லைப் போட்டால் குழப்பம் மூன்றாகும்.

வேர், லத்தீனின் ‘இன்சுலா’. தீவு என்று பொருள். இத்தாலியத்தில் ‘இசொலாத்தோ’ ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. மின்கம்பிக்குச் சுற்றும் இன்சுலேஷனும், கணையத்தின் திட்டுத்திட்டான செல்களில் சுரக்கும் இன்சுலினும் இதற்குப் பங்காளிகள்தான். சுற்றிலும் நீர், நடுவில் நிலம்: அந்த நிலையை மட்டும் சொல்கிற வேர் இது. தமிழின் ‘தனிமை’யோ மனசையும் சேர்த்து இழுத்து வருகிறது. எலி என்ன உணர்ந்தது என்று யாரும் அதைக் கேட்கவில்லையே!

அப்படியென்றால் அந்த ஆய்வுகளில் நடப்பது என்ன? பிறந்து 21 நாள் வாக்கில் தாயிடமிருந்து பிரிக்கும் குட்டிகளில் சிலவற்றைக் கூட்டமாகவும், சிலவற்றைக் கூண்டுக்கு ஒன்றாகவும் சில வாரம் வளர்ப்பார்கள். தனிக்கூண்டுக் குட்டிக்குப் பெரும்பாலும் மற்ற எலிகளின் வாசனையும் சத்தமும் எட்டும். தொடுகையும் விளையாட்டும்தான் கிடையாது. குட்டி எலிகளின் விளையாட்டு ஒரு செல்லச் சண்டை: ஒன்று மற்றதன் பிடரியில் மூக்கை வைக்கப் பாயும், அது மல்லாந்து புரண்டு தப்பும், அப்புறம் முறை மாறும்.

இதற்கு ‘ஒதுக்கம்’ சரிவராது. ஒதுங்கு என்பதிலிருந்து வந்தது, தானாக விலகிய தொனி. ‘விலக்கம்’ என்றாலோ தண்டனை வாடை. ‘தனிவளர்ப்பு’ என்பது என் பரிந்துரை.

அடுத்த சிக்கல், இந்த எலிகளிடம் குறைவதாகச் சொல்லப்படும் ‘ஃபிளெக்சிபிலிட்டி’, அதாவது விதி மாறினால் தானும் மாறிக்கொள்ளும் திறன். இதன் லத்தீன் வேருக்கு வளைத்தல் என்று பொருள். அதற்குத் தமிழில் நாம் சொல்லும் ‘நெகிழ்வு’ வேறு: பிடி தளர்வது, நழுவுவது. பிரிவில் மெலிந்தவளின் கைவளை நெகிழ்வதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும். எனக்கென்னவோ மூலத்தைவிட நம் சொல்தான் இங்கே பொருத்தம். இரண்டு கிண்ணங்களில் ஒரு வாசனை உள்ளதைத் தோண்டினால் தீனி, எலி கற்றுக்கொள்கிறது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தீனி மற்ற வாசனைக்கு மாறிவிடும். தனிவளர்ப்பு எலிகள் முதல் விதியைப் பெரும்பாலும் மற்றவை போலவே கற்கின்றன. விதி தலைகீழானதும் பழைய விடையையே பிடித்துக்கொண்டு தடுமாறுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அறிவு குறைந்துவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது. பிடி விடவில்லை, அவ்வளவுதான். ஆகவே ‘சிந்தனை நெகிழ்வு’ என்று தாராளமாக எழுதலாம்.

‘இளமைத் தனிவளர்ப்பு’ என்று நீட்ட வேண்டுமா? வயது இங்கே முக்கியம்தான். 25 முதல் 45 நாள் வயது வரையான தனிமையே எலிகளில் நிலைத்த மாற்றம் விடுகிறது என்று ஐனன், மார்கன் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் காட்டினார்கள். 2012-இல் மகினோடன் என்ற ஆய்வாளரின் குழு சுண்டெலிகளை 21 முதல் 35 நாள் வரை பிரித்து வைத்தது. மூளையின் முன்பகுதியில் நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை மெலிந்தது. பிறகு கூட்டத்தில் விட்டும் தேறவில்லை. 35 நாளுக்குப் பின் பிரித்தவற்றில் அந்த மெலிவு இல்லை. ஆனாலும் முன்னொட்டு தேவையில்லை. வளர்ப்பு என்ற சொல்லிலேயே இளமை இருக்கிறது. வளர்ந்த எலியைப் பிரித்தால் அது வெறும் ‘தனித்து வைத்தல்’.