அக்வா டூரிசம்: நீர்ப்பண்ணைச் சுற்றுலா

மீன் வளர்க்கும் இடத்தையே பார்வையாளர் வந்துபோகும் இடமாக்கி அதிலிருந்து வருமானம் பார்ப்பதை ‘அக்வா டூரிசம்’ என்கிறார்கள். கேரளத்தில் இந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. அங்குள்ள மீனவர் கூட்டுறவு இணையமான மத்ஸ்யஃபெட், ஞாறக்கல்லிலும் வைக்கம் பக்கத்துப் பாலாய்க்கரியிலும் தன் மீன்பண்ணைகளை இந்தப் பெயரில்தான் திறந்துவைத்திருக்கிறது. தூண்டில் போடலாம், படகில் சுற்றலாம், மதியம் மீன்சோறு சாப்பிடலாம். பழவேற்காடு, தடா, சூளூர்பேட்டை என்று ஆந்திர எல்லையில் பழவேற்காடு ஏரியைச் சுற்றி வாழும் தமிழர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய சொல். இறால் பண்ணையும் பறவை பார்க்க வரும் கூட்டமும் ஒரே கரையில் இருக்கும் ஊர்கள் இவை.

‘அக்வா’ லத்தீனில் தண்ணீர். ‘டூர்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் அடியில் இருப்பது கடைசல் கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல், அதாவது சுழல்வது. நம் ‘சுற்றுலா’விலும் சுற்று இருக்கிறது, கூடவே உலாவும் இருக்கிறது. ஆக, சொல்லை அப்படியே பிரித்தால் கிடைப்பது ‘தண்ணீர்ச் சுற்றுலா’தான். மீன், இறால் வளர்ப்பைக் குறிக்கும் ‘அக்வாகல்ச்சர்’ என்பதன் பின்பாதி வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. அந்தப் பின்பாதியான ‘கல்ச்சர்’, உழுதல், பேணுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. என் குறை இதுதான்: சட்டம் கேள்வி கேட்பது உதிர்ந்துபோன பாதியைப் பற்றி. பெயரில் பண்ணை இல்லாததால், ஏதோ படகு விடும் அனுமதி வாங்கினால் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

உண்மையில் ஒரே கரையில் பல சட்டங்கள் வந்து நிற்கின்றன. 1990களில் இறால் பண்ணைகள் கடலோர வயல்களையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. மரபு முறையிலான வளர்ப்பைத் தவிர, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது நீதிமன்றம். சிலிகா ஏரியையும் பழவேற்காடு ஏரியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1000 மீட்டருக்குள் பண்ணை அமைக்கத் தடை விதித்தது. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலப்பட்டுச் சரணாலயமும் அந்த வரியில் இருக்கிறது. நம் ஏரியின் பெயர் நாட்டின் சட்ட வரலாற்றில் இப்படி ஏறியிருப்பது இங்குள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்லப்பட வேண்டும்.

2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையம் சென்னையில் இருக்கிறது. பண்ணை வைப்பவர் அதில் பதிவு செய்தாக வேண்டும். 2023 திருத்தம் ‘கடலோர வளர்ப்பு’ என்பதன் பொருளை விரித்து, கூண்டு, மிதவை, கடல்பாசி வளர்ப்பு, கடலிலேயே வளர்க்கும் மாரிகல்ச்சர் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. மீறுவோருக்கு முன்பிருந்த சிறைத் தண்டனையையும் எடுத்துவிட்டுப் பணத் தண்டமாக்கியது.

ஆனால் இந்தப் பதிவு வளர்ப்புக்கு மட்டுமே. கரைமேட்டில் ஒரு குடில் கட்ட அது உதவாது. கட்டடத்தைப் பார்ப்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை: முதலில் 1991, பிறகு 2011, கடைசியாக 2019. 2019 அறிவிக்கைப்படி, ஊர்ப்புறக் கடற்கரையில் மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், மற்ற ஊர்களில் 200 மீட்டரும் கட்டடம் எழுப்பக் கூடாத பகுதி. கழிமுகங்களுக்கும் உப்பங்கழிகளுக்கும் தனிக் கணக்கு. ‘உயர் அலைக் கோடு’ என்ற அரசு மொழிபெயர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. அலை வேறு, கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் வேறு. கோடு ஓதத்தின் கோடு. ‘உயர் ஓதக் கோடு’ என்றால் மீனவர் யாருக்கும் உடனே விளங்கும்.

அதே 2019 அறிவிக்கையில் நம் மக்களுக்குப் பயன்படும் ஒரு வரி உண்டு. கடலோர ஊர்களில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர்வாசிகள், இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் முகப்பையும் மாற்றாமல் ‘ஹோம்ஸ்டே’ நடத்தலாம். வெளியூர் முதலாளியின் ரிசார்ட்டுக்கு முன்னால் இந்த வாய்ப்பு பேசப்பட வேண்டும். இதைத் தமிழில் ‘வீட்டுத்தங்கல்’ என்று சொல்லலாம்.

படகுக்கோ தனி விதி. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதை அறிந்தவர்கள் ‘தண்ணீர்ச் சுற்றுலா’ என்ற சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஏரி பறவைச் சரணாலயமும் ஆதலால், வனத்துறையின் சொல்லும் இங்கே செல்லும்.

அரசாங்கம் வருமுன்பே இந்த ஏரிக்கு ஒழுங்கு இருந்தது. அதற்குப் பெயர் ‘பாடு’. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதைக் குலுக்கலிலும் முறைவைத்தும் மீனவர் தமக்குள் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ‘ஒழுங்குமுறை’ என்ற ஏட்டுச் சொல்லுக்கு இந்தக் கரையின் சொந்தச் சொல் என்றே அதை மதிக்கிறேன். சுற்றுலாப் படகுகளுக்கு முறை வகுக்கும்போது பாடு பார்க்கும் ஊர்ப் பெரியவர்களைக் கலக்காமல் வகுப்பது தவறு.

இனித் தமிழ்ச் சொல். ‘நீர்வாழ் உயிரின வளர்ப்பு’ பொருளில் சரியானது, ஆனால் நீளம். அதன் முதுகில் சுற்றுலாவையும் ஏற்ற முடியாது. ‘கழி வளர்ப்பு’ என்று சுருக்கினால் காதில் கழிவு விழுகிறது. ஆந்திரப் பக்கம் ‘ரொய்யல செருவு’ என்கிறார்கள், இறால் குளம் என்று பொருள். கேரளத்தில் ‘செம்மீன் கெட்டு’, அதாவது நம் ‘கட்டு’. நம் ஊர்களில் எல்லாரும் சொல்வது ‘இறால் பண்ணை’. பண்ணை என்றால் பழந்தமிழில் வயல். உழவைக் குறிக்கும் அந்த லத்தீன் வேருக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை. ஆகவே அக்வாகல்ச்சர் நீர்ப்பண்ணை, மாரிகல்ச்சர் கடற்பண்ணை, அக்வா டூரிசம் நீர்ப்பண்ணைச் சுற்றுலா. விண்ணப்பத்தில் எழுதும்போது, ‘நீர்ப்பண்ணைப் பதிவு’, ‘கரைக் கட்டட அனுமதி’, ‘படகு உரிமம்’ என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.