சம்பளச் சீட்டில் யார் பெயர்?

மலேசியாவின் பினாங்குக்குப் புதுத் தொழிற்சாலை வருகிறது என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலையிலேயே எனக்கு வாட்ஸ்அப் வந்துவிடும். "அக்கா, தம்பிக்கு ஏதாவது வேலை இருக்குமா?" இங்குள்ள தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸ் பக்கம் மனிதவளத் துறையில் 22 வருடம் ஓட்டிவிட்டேன். 2021 டிசம்பரில் இன்டெல் 30 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்) முதலீட்டை அறிவித்தபோது போன் சூடாகிவிட்டது.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. இந்தத் தீவு தலைநிமிர்ந்ததே அப்படித்தான். 1969-இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனது. ஏற்கனவே வேலையில்லாத் திண்டாட்டம் வேறு. அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்தார். 1972-இல் நெல் வயல்களுக்கு நடுவே தடையற்ற வாணிப மண்டலம் திறந்தது. இன்டெல், ஏ.எம்.டி., ஹிட்டாச்சி, போஷ் எல்லாம் அந்த முதல் வரிசையில் வந்தவை.

என் அம்மா அங்கே ஓபரேட்டர். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை சிப்பில் ஒட்டுகிற வேலை. கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனால் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிய பாட்டிக்கு மழை பெய்தால் சம்பளம் இல்லை. அம்மாவுக்கு மழையிலும் சம்பளம் வந்தது. எங்கள் வீட்டில் வறுமை ஒழிந்த கதை அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நிறுவனங்களை வரவழைக்கக் கொடுத்த பெரிய சலுகையே பல ஆண்டு வரிவிலக்கு. அப்படியென்றால் தொடக்கத்தில் ஊருக்குப் பெரிதாகக் கிடைத்தது வரி இல்லை, சம்பளம்தான். அந்தச் சம்பளம் யார் கைக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்பதைப் பொறுத்துத்தான் முதலீடு ஏழை வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். அமைச்சர் ரிப்பன் வெட்டும் படத்தில் இது தெரியாது.

போன வருடம் எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து ஒரு பையன் வந்தான். "பெரிய கம்பெனி அக்கா, மூணு வருசமா இருக்கேன், ஒரு டெக்னீஷியன் பயிற்சிக்கும் கூப்பிட மாட்டேங்கிறாங்க." சம்பளச் சீட்டைக் கேட்டேன். மேல் மூலையில் இருந்தது அந்தக் கம்பெனி பெயர் இல்லை, ஏதோ ஓர் ஏஜெண்டின் பெயர். ஆறு மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்ட், இப்படியே ஆறு தடவை. மூன்று வருடமாக இவன் அந்தக் கம்பெனியின் ஆளே இல்லை. அவன் முகம் போன போக்கை என்ன சொல்ல!

ஏஜெண்ட் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. உள்ளே நுழைய அது ஒரு வழி, சரி. ஆனால் கையெழுத்துப் போடும் முன்பே முதலாளி யார் என்று கேளுங்கள். இ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் எந்த முதலாளி பெயரில் கட்டப்படுகின்றன என்று பாருங்கள். நிரந்தரமாவது எப்போது என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: 10 மலேசியத் தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள பெரும்பாலான நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்.ஆர்.டி. கோர்ப் என்ற அரசின் மனிதவள மேம்பாட்டு அமைப்புக்குக் கட்டியாக வேண்டும். முதலாளி கட்டுகிற அந்தப் பணம் தொழிலாளர் பயிற்சிக்கானது. கேட்காத ஆளைத் தேடிவந்து யாரும் வகுப்பில் உட்காரவைக்க மாட்டார்கள்.

பினாங்கு கெட்டிக்காரத்தனமாகச் செய்ததும் இந்தப் பயிற்சியைத்தான். 1989-இல் தொழிற்சாலைகளும் அரசும் கல்வி நிலையங்களும் சேர்ந்து திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. போட்டி நிறுவனங்களின் ஆட்கள் ஒரே வகுப்பில் படித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்களில் தொழில் கற்ற பொறியாளர்கள் வெளியே வந்து சொந்தக் கம்பெனிகள் ஆரம்பித்தார்கள். அந்தப் படிக்கட்டில் நம் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு என்பது இத்தனை வருட நேர்காணல்களில் நான் பார்த்தது. ஓவர்டைம் காசு இந்த மாதமே கைக்கு வருகிறது. பயிற்சியின் பலன் வர இரண்டு வருடமாகும். வீட்டில் கடன் இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

அந்தப் பையனுக்குப் போன மாதம் வேறோர் இடத்தில் நேரடி வேலை கிடைத்தது, பயிற்சியோடு. ஓவர்டைம் இல்லாததால் கைக்கு வருவது முன்பைவிட 300 வெள்ளி குறைவு. கையெழுத்துப் போட்டுவிட்டான். அவன் அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.